ட்ரபான்ட்: அரசு செய்த கார், சனம் ஓட வைத்த கார்

உலகத்தின் மோசமான கார்கள் எவை என்று யார் பட்டியல் போட்டாலும் ட்ரபான்ட் அதில் வந்துவிடும். கிழக்கு ஜேர்மனியில் 1957 தொடக்கம் 1991 வரை உற்பத்தியான சின்னக் கார் இது. நீளம் மூன்றரை மீற்றர், பாரம் அறுநூறு கிலோ சொச்சம். எங்கட ஊர்ப் பழைய ரூ ஸ்ரோக் ஓட்டோக்கள் மாதிரி நீலப்புகை தள்ளும்; சத்தமும் கிட்டத்தட்ட அதேதான். உடம்பு தகரமில்லை, பருத்திக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்தின பலகை. அந்த நாட்டுச் சனமே இதை வைத்து ஏகப்பட்ட பகிடி விட்டார்கள். அதில ஒன்று: "ட்ரபான்டின் பின் கண்ணாடியைச் சூடாக்கிற வசதி எதுக்கு?" "தள்ளேக்க கை குளிராமல் இருக்க."

இந்தக் கார் இன்றைக்கும் ஜேர்மனியில் சுமார் 40,000 வரை பதிவில் இருக்கிறது. கடைசி ட்ரபான்ட் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் கடந்த சில வருடங்களில் அந்த எண்ணிக்கை குறையவில்லை, மெல்லக் கூடியிருக்கிறது. ஆக்கள் அதைக் கழற்றிப் பூட்டுகிறார்கள், உதிரிப்பாகம் தேடி அலைகிறார்கள், வார இறுதிகளில் மலைப்பாதைகளிலும் பந்தயத் தடங்களிலும் றேஸ் விடுகிறார்கள்.

இதை வாசிக்கத் தொடங்கியபோது எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. தன் சனத்தைச் சுவர் கட்டி அடைத்து வைத்த ஓர் அரசு செய்து கொடுத்த பொருளை, அந்த அரசு இல்லாமல் போன பிறகும் சனம் ஏன் பாதுகாக்கிறது? அது பழைய ஆட்சி மேல் இருக்கிற ஏக்கமா? இல்லாட்டி வேறு ஏதாவதா? அதற்குப் பதில் தேட, காரின் வரலாற்றையும் அதன் என்ஜினையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஸ்விக்காவ்

சாக்சனி மாநிலத்தில் உள்ள ஸ்விக்காவ், கார் செய்வதில் ஊறிய நகரம். ஓகுஸ்ட் ஹோர்ஹ் என்ற பொறியியலாளர் 1904இல் தனது நிறுவனத்தை அங்கே கொண்டு வந்தார். பிறகு அதிலிருந்து முரண்பட்டு வெளியேறி, 1909இல் அதே நகரத்தில் இன்னொன்றைத் தொடங்கினார். அதுதான் அவுடி. 1932இல் ஹோர்ஹ், அவுடி, டிகேடபிள்யூ, வாண்டரர் ஆகிய நான்கும் ஒன்றாகி ஓட்டோ யூனியன் என்று பெயர் எடுத்தன. அவுடி காரில் இன்றைக்கும் இருக்கிற நான்கு வளையங்களின் கதை இது.

1930களில் கிராண்ட் பிறி பந்தயங்களைக் கலக்கிய பதினாறு சிலிண்டர் ஓட்டோ யூனியன் கார்களும் ஸ்விக்காவில்தான் கட்டப்பட்டன. நாசி அரசு அந்தப் பந்தயங்களுக்குப் பணம் கொடுத்தது. போர்க்காலத்தில் அங்குள்ள ஹோர்ஹ் தொழிற்சாலையில் வதைமுகாம் கைதிகள் கட்டாய வேலை செய்தார்கள். இந்த நகரத்தின் கார்ப் பெருமையைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச முடியாது.

போர் முடிந்ததும் ஸ்விக்காவ் சோவியத் வலயத்துக்குள் போனது. இயந்திரங்கள் போர் நட்டஈடாகக் கழற்றி எடுத்துச் செல்லப்பட்டன. ஓட்டோ யூனியன் என்ற பெயர் மேற்கே இங்கோல்ஸ்டாட் நகரத்தில் புதிதாகத் தொடங்கப்பட்டது. இன்றைய அவுடி அந்த வழியில் வந்தது. ஸ்விக்காவில் மிஞ்சியவை கட்டடங்களும், வேலை தெரிந்த ஆக்களும், டிகேடபிள்யூ காலத்து ரூ ஸ்ரோக் அறிவும்தான்.

1950களில் கிழக்கு ஜேர்மனிக்கு மலிவான ஒரு சின்னக் கார் தேவைப்பட்டது. உடம்பு அடிக்க நல்ல உருக்குத் தகடு இல்லை. பனிப்போர்க் காலத் தடைகளால் மேற்கிலிருந்தும் எடுக்க முடியாது. சோவியத் ஒன்றியத்திலிருந்து பருத்திக் கழிவு வந்தது. அதைப் பிசினோடு சேர்த்துச் சூட்டில் அழுத்தி டூரோபிளாஸ்ட் என்ற பலகையைச் செய்தார்கள். முதலில் 1955இல் பி 70 என்ற காரில் பாவித்தார்கள். அடுத்து வந்ததுதான் ட்ரபான்ட். அதன் முன்னோட்ட உற்பத்தி, ரஷ்யப் புரட்சியின் நாற்பதாவது ஆண்டு நிறைவான 1957 நவம்பர் 7ஆம் திகதி தொடங்கியது. அதற்கு ஒரு மாதம் முன்னர்தான் ஸ்புட்னிக் விண்ணுக்குப் போயிருந்தது. ட்ரபான்ட் என்றால் துணைக்கோள், கூடவே வருகிற துணை என்று பொருள்.

ரேடியேற்றர் இல்லாத கார்

யாழ்ப்பாணத்து ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைத் தெரிந்தவர்களுக்கு ரேடியேற்றர் கொதிக்கிற கதை தெரியும். ட்ரபான்டில் அந்தக் கதையே இல்லை. அதன் என்ஜினைக் காற்றுத்தான் குளிர்விக்கிறது. பெல்ற்றில் சுழல்கிற ஒரு காற்றாடி, சிலிண்டர்களைச் சுற்றியிருக்கிற செதில்களின் மேல் காற்றை அடிக்கும். தண்ணியும் இல்லை, தண்ணிப் பம்பும் இல்லை. குளிரில் உறைய எதுவும் இல்லை. ஆனால் பெல்ற் அறுந்தால் கொஞ்ச நேரத்தில் என்ஜின் கதை முடிஞ்சுது. அவசரத்துக்கு நைலோன் காலுறையை பெல்ற்றாகக் கட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தவர்களின் கதைகளைக் கிழக்கு ஜேர்மனிக்காரர் இன்றைக்கும் சொல்லுவார்கள்.

இரண்டு சிலிண்டர், ரூ ஸ்ரோக். வால்வு இல்லை, கம்ஷாஃப்ட் இல்லை. என்ஜினுக்குள் முக்கியமாக அசைகிற உறுப்புகள் ஐந்துதான்: ஒரு கிராங்ஷாஃப்ட், இரண்டு கொன்றொட், இரண்டு பிஸ்ரன். பெற்றோல் தாங்கி பொனற்றுக்குள், என்ஜினைவிட உயரத்தில் இருப்பதால் பெற்றோல் தானாகவே கீழே இறங்கும். அதற்கும் பம்ப் தேவையில்லை. பெரும்பாலான கார்களில் பெற்றோல் அளவு காட்டுகிற முள் கிடையாது. பொனற்றைத் திறந்து, தாங்கிக்குள் ஓர் அளவுக்கோலை விட்டுப் பார்க்க வேண்டும்.

ஒயிலுக்கும் தனி வழி இல்லை. பெற்றோலோடேயே கலக்க வேண்டும்: முன்பு 33 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு, பிந்திய காலத்தில் 50க்கு ஒன்று. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நீண்ட இறக்கத்தில் அக்சிலேற்றரை விட்டுவிட்டு ஓடினால் என்ஜின் வேகமாகச் சுத்தும், ஆனால் பெற்றோல் போகாது. பெற்றோல் போகாவிட்டால் ஒயிலும் போகாது. பிஸ்ரன் சூடேறிச் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துவிடும். அதனால்தான் நான்காவது கியரில் சைக்கிளில் இருக்கிற மாதிரி ஒரு பிறீவீல் வைத்தார்கள். காலை எடுத்ததும் சில்லு தன்பாட்டில் ஓடும், என்ஜின் மெதுவாக நின்று மூச்சு விடும்.

முதல் ட்ரபான்டுக்கு 500 சிசி, 18 குதிரைவலு. 1962இல் 600 சிசியாகவும் 23 குதிரைவலுவாகவும் ஆனது. 1964இல் புதிய உடம்போடு 601 வந்தது. 1960களின் முடிவில் வலு 26க்கு ஏறியது. அதோடு ஏறத்தாழ நின்றுவிட்டது. அடுத்த இருபது வருடமும் அடிப்படையில் அதே கார்தான்.

பொறியியலாளர்களுக்கு வேறு செய்யத் தெரியாமல் இல்லை. 1960களில் பி 603 என்று ஒரு புதிய காரை வடிவமைத்தார்கள்; 1968இல் மேலிடம் அதை நிற்பாட்டியது. 1970களில் பி 610. 1979இல் அதுவும் நின்றது. காசையும் உருக்கையும் எங்கே போடுவது என்று முடிவெடுத்தது கட்சித் தலைமை. சனத்தின் கார் அந்த முன்னுரிமைப் பட்டியலில் கீழேதான் இருந்தது. ட்ரபான்டைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள். 1957இல் அது அப்படியொன்றும் மோசமான கார் இல்லை. முன் சில்லு இழுவை, குறுக்காக வைத்த என்ஜின் எல்லாம் அந்தக் காலத்துக்குப் புதுமை. அதை மாறவிடாமல் வைத்திருந்ததுதான் மோசம்.

வரிசையும் கராஜும்

ட்ரபான்ட் வாங்க வேண்டுமென்றால் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பத்து வருடம், பதினைந்து வருடம். பதினெட்டு வயதானதும் பிள்ளையின் பெயரைப் பதிந்துவிடுவது பெற்றோரின் வழக்கமாக இருந்தது. பதிவுத்துண்டே கைமாறி விலைபோனது. பாவித்த கார் புதுக் காரைவிடக் கூடிய விலைக்கு விற்கப்பட்டது, ஏனென்றால் அது உடனே கிடைக்கும்.

வரிசையைத் தாண்டவும் ஒரு வழி இருந்தது. மேற்கில் சொந்தக்காரர் இருந்தால், கெனெக்ஸ் என்ற அரசு நிறுவனத்தின் ஊடாக மேற்கு ஜேர்மன் காசைக் கட்டிக் கிழக்கில் இருக்கிறவருக்குக் காரைப் பரிசாக அனுப்பலாம். சமத்துவம் பேசின நாட்டில் வெளிநாட்டுக் காசு உள்ளவருக்குத் தனி வாசல். வெளிநாட்டில் சொந்தம் உள்ள வீட்டையும் இல்லாத வீட்டையும் அருகருகே பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இவ்வளவு காத்திருந்து எடுத்த காரை யாரும் பழுதாக விடமாட்டார்கள். உதிரிப்பாகமும் லேசில் கிடைக்காது, திருத்துமிடத்திலும் நாள் கணக்கு. ஆகவே திருத்துகிற வேலை வீட்டுக்கு வந்தது. 'எனக்கு நானே எப்படி உதவுவது' என்ற பொருள்படும் தலைப்பில் ட்ரபான்டுக்கான திருத்தக் கையேடு அங்கே பிரபலமாக இருந்தது. பிளக் மாற்றுவது, பொயின்ற் சரிபார்ப்பது, காபரேற்றர் கழுவுவது போன்றவை தொழில்நுட்பம் படிக்காத ஆக்களுக்கும் கைவந்த வேலைகள் ஆயின. மனிசர் பாகங்களைச் சேர்த்து வைத்தார்கள், மாற்றிக்கொண்டார்கள், தெரிந்தவருக்காக ஒதுக்கி வைத்தார்கள்.

அதற்கான இடம் கராஜ். நகரத்து ஓரங்களில் சனம் சேர்ந்து, தாங்களே கல் அடுக்கி, நீண்ட வரிசைகளாக கராஜ்கள் கட்டினார்கள். பல இடங்களில் காணி அரசினுடையது, மேலே நின்ற கட்டடம் கட்டினவருடையது. கார் நிறுத்துவதற்காகக் கட்டப்பட்ட அந்த இடங்கள், சனி ஞாயிறுகளில் ஆக்கள் கூடி வேலை செய்து, கதைத்து, குடிக்கிற இடங்களாக மாறின. கண்காணிப்பு எங்கும் இருந்த ஒரு நாட்டில் கராஜ் மட்டும் விதிவிலக்கு என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அங்கே நடந்த வேலையின் தாளத்தை நிர்ணயித்தது கட்சி இல்லை.

26 குதிரைவலுவோடு றேஸ்

இப்படி வளர்ந்த கைகள் சும்மா இருக்குமா? கிழக்கு ஜேர்மனியின் கார்ப் பந்தயங்களில் 600 சிசி வரையான கார்களுக்கு ஒரு வகுப்பு இருந்தது. அது ட்ரபான்டின் வகுப்பு. 1923 தொடக்கம் பந்தயம் நடக்கிற ஷ்லைஸ் வீதித் தடம் போன்ற இடங்களில் இந்தச் சின்னக் கார்கள் கூட்டமாகச் சீறிக்கொண்டு ஓடின. தொழிற்சாலையும் தன் அணியை ரலிகளுக்கு அனுப்பியது. மொண்டே கார்லோ ரலியிலும் ட்ரபான்ட் ஓடியது. 1980களின் நடுவில் 65 குதிரைவலு அளவில் 800 ஆர்எஸ் என்ற ரலிக் காரையும் கட்டினார்கள். ஆனால் பந்தயம் ஓடின பலர் பகலில் வேறு வேலை பார்த்து, இரவில் கராஜில் தங்கள் காரைத் தாங்களே தயார் செய்தவர்கள்.

ரூ ஸ்ரோக் என்ஜினை வேகப்படுத்துவதற்கு அதிகம் காசு தேவையில்லை; அரமும் பொறுமையும் காதும் தேவை. சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்களின் உயரத்தையும் அகலத்தையும் மில்லிமீற்றர் கணக்கில் மாற்றினால் என்ஜினின் குணமே மாறும். ஹெட்டைக் கொஞ்சம் சீவினால் அழுத்தம் கூடும். சைலென்சர் குழாயின் நீளமும் வயிறும் சரியாக இருந்தால், வெளியே போகிற வாயுவின் அலை திரும்பி வந்து புதுக் கலவையை உள்ளுக்குள்ளேயே பிடித்து வைக்கும். இதையெல்லாம் ஒரு கைப்பிடி அதிகமாகச் செய்தால் பிஸ்ரன் ஓட்டையாகும்.

காற்றுக் குளிர்விப்பு இங்கேதான் சோதிக்கும். தண்ணியுள்ள என்ஜினில் சூடு ஏறுவதை முள் காட்டும். ட்ரபான்டில் சத்தம்தான் காட்ட வேண்டும். சுருதி கொஞ்சம் மாறினால், இழுவை ஒரு நொடி தளர்ந்தால், பிஸ்ரன் இறுகப் போகிறது என்று ஓட்டுபவர் உணர்ந்து கிளச்சை மிதிக்க வேண்டும். நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் சட்டென்று காலை எடுப்பது ஆபத்து, ஒயில் நின்றுபோகும். வேகமாக ஓடும்போதும் என்ஜினுக்கு இரக்கம் காட்டத் தெரிந்தவர்தான் கடைசிச் சுற்றுவரை போவார்.

இதை ஆட்சிக்கு எதிரான எதிர்ப்பு என்று நாங்கள் பெரிதாக்க மாட்டோம். பந்தயங்கள் அரசு அங்கீகரித்த மோட்டார் விளையாட்டுச் சங்கத்தின் கீழ்தான் நடந்தன. ஆனால் மேலிடம் இருபது வருடமாக மாறவிடாத ஒரு காரை, கீழே இருந்தவர்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள் என்பது உண்மை.

எல்லை

இந்த நாட்டோடு ஈழத்தமிழருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1983க்குப் பிறகு, 1980களின் நடுப்பகுதியில், எங்கட ஆக்கள் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் எல்லையைக் கடந்து மேற்கு பெர்லினுக்குப் போய் அகதித் தஞ்சம் கேட்டார்கள். ட்ரபான்ட்கள் ஓடின வீதிகளின் ஊடாக, அந்தக் கார்க்காரர்கள் கடக்க முடியாத எல்லையைக் கடந்துதான் எங்கட சனத்தின் ஒரு பகுதி ஐரோப்பாவுக்குள் போனது. தன் குடிமக்களைப் பூட்டி வைத்த அரசு, மற்றவர்களைத் தன் அரசியல் கணக்குக்காகப் போக விட்டது.

1989 கோடையில் அந்த எல்லை ஆட்டம் கண்டது. குடும்பங்கள் ட்ரபான்ட்களில் ஹங்கேரிக்கும் செக்கோஸ்லொவாக்கியாவுக்கும் விடுமுறைக்குப் போகிற மாதிரிப் போனார்கள். செப்டெம்பர் 11ஆம் திகதி ஹங்கேரி தன் எல்லையை அவர்களுக்குத் திறந்துவிட்டது. பிராகாவில் மேற்கு ஜேர்மன் தூதரகத்தின் மதிலேறி உள்ளே குதித்தவர்கள், பதினைந்து வருடம் காத்திருந்து வாங்கின கார்களைத் தெருவில் அப்படியே விட்டுவிட்டார்கள். டேவிட் செர்னி என்ற செக் சிற்பி 1990இல் நான்கு மனிதக் கால்களோடு நடக்கிற ட்ரபான்ட் ஒன்றைச் செய்தார். அதன் பிரதி இன்றும் அந்தத் தூதரகத் தோட்டத்தில் நிற்கிறது. நவம்பர் 9ஆம் திகதி பெர்லின் சுவர் திறந்தது. ட்ரபான்ட்கள் வரிசையாக மேற்குக்குப் போக, சனம் அவற்றின் கூரையில் தட்டி வரவேற்றது.

அந்த வரவேற்பு கன நாள் நீடிக்கவில்லை. 1990 யூலை 1ஆம் திகதி மேற்கு ஜேர்மன் காசு கிழக்குக்கும் வந்தது. அந்தக் காசில் மேற்கத்தைய பழைய கார்களை வாங்கலாம் என்றானதும் ட்ரபான்டை யாரும் சீண்டவில்லை. ஃபோக்ஸ்வாகனின் நான்கு ஸ்ரோக் என்ஜின் பூட்டிய புது ட்ரபான்ட் அதே வருடம்தான் வந்தது. வந்த நேரம் பிழை. 1991 ஏப்ரல் 30ஆம் திகதி கடைசிக் கார் வெளியே வந்தது. மொத்தம் 30 இலட்சத்துக்கும் மேல். ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். காரைப் பற்றிய பகிடிகள் மேற்கில் இன்னும் கூடின, ஆனால் இப்போது சிரித்தவர்கள் வேறு ஆக்கள். ஒரே பகிடியை உள்ளே இருப்பவர் சொல்வதும் வெளியே இருந்து ஒருவர் சொல்வதும் ஒன்றில்லை.

இப்ப

இன்று ட்ரபான்ட் வைத்திருப்பவர்களில் ஒரு பகுதியினருக்குக் கிழக்கு ஜேர்மனியின் மேல் ஏக்கம் இருக்கத்தான் செய்கிறது. ஜேர்மன் மொழியில் அதற்கு 'ஒஸ்ரால்கி' என்று ஒரு சொல்லே உண்டு. சிறை, இரகசியப் பொலிஸ், எல்லையில் சுடப்பட்டவர்கள் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, அழகான சின்னக் காரை மட்டும் காட்டுகிற ஏக்கம் அது. அந்த விமர்சனம் நியாயமானது.

ஆனால் கராஜுக்குள் நடக்கிற வேலை முழுவதையும் அந்தச் சொல்லுக்குள் அடக்க முடியாது. டூரோபிளாஸ்ட் துருப்பிடிக்காது, அதன் கீழே இருக்கிற உருக்குச் சட்டகம் துருப்பிடிக்கும். வெளியே பளபளப்பாக இருக்கிற கார் உள்ளே உக்கிப் போயிருக்கலாம். பலகைகளைக் கழற்றி, உக்கின இடத்தை வெட்டி, புதுத் தகடு ஒட்டவேண்டும். ட்ரபான்டுக்கும் லாடாவுக்கும் என்றே ஒரு பந்தயத் தொடர் உருவாகி, மலையேற்றப் பந்தயங்களும் தடப் பந்தயங்களும் நடக்கின்றன. அவற்றில் சுவர் விழுந்த பிறகு பிறந்தவர்களும் இருக்கிறார்கள். காத்திருப்பு வரிசை அவர்களுக்கு ஒரு கதை மட்டும்தான். துவாரத்தை எவ்வளவு அராவலாம், எந்தச் சத்தத்தில் காலை எடுக்கலாம் என்பதைத்தான் அவர்கள் பழையவர்களிடம் கேட்டுப் பழகுகிறார்கள்.

எங்கட கேள்விக்கு இதற்குள் ஒரு பதில் இருக்கிறது என்று நினைக்கிறோம். ஓர் அரசு வீழ்ந்ததும் வெற்றி பெற்றவர்கள் அந்த அரசோடு சேர்த்து, அதன் கீழ் வாழ்ந்த சனத்தின் நாற்பது வருட வாழ்க்கையையும் பயனற்றது என்று ஒதுக்கிவிடுவது இலகு. அந்த வாழ்க்கையில் சனம் தாங்களாகத் தேடிக்கொண்ட அறிவும் இருந்தது. அரசை மன்னிக்காமலும் அந்த அறிவைக் காப்பாற்றலாம்.

அதற்கும் இடம் வேண்டும். ஸ்விக்காவுக்குப் பக்கத்து நகரமான கெம்னிட்ஸ், அந்தக் காலத்தில் கார்ல் மார்க்ஸ் நகரம் என்று அழைக்கப்பட்டது. அது 2025இல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகரமாக இருந்தபோது, அங்கே மிஞ்சியிருக்கிற கராஜ்களையும் அவற்றின் ஆக்களையும் மையமாக வைத்து ஒரு பெரிய திட்டத்தைச் செய்தார்கள். இரும்புக் கதவுகளுக்குப் பின்னால் இருந்த கதைகளையும் பொருட்களையும் வெளியே கொண்டுவந்தார்கள். அதே வேளை கிழக்கு ஜேர்மனியின் பல நகரங்களில் கராஜ் வரிசைகள் இடிக்கப்பட்டும் வருகின்றன. காணிக்கு வேறு தேவை இருக்கிறது. கார்கள் ஸ்விக்காவ் நூதனசாலையில் பத்திரமாக இருக்கும். அந்த வரிசைகள் போனபின், பிஸ்ரன் இறுகப் போகிற சத்தத்தை அடுத்தவருக்கு எங்கே வைத்துச் சொல்லிக் கொடுப்பது என்பதுதான் அங்குள்ளவர்களின் இப்போதைய கவலை.